மூன்றாவது விசில்

அத்தை,

இன்று காலை உங்கள் விசில் சத்தம் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எண்பத்தேழு வயதில் எழுந்து நிற்பது எனக்குச் சின்னக் காரியம் இல்லை. நாற்காலியைப் பிடிக்க வேண்டும், முழங்காலைக் கெஞ்ச வேண்டும். இன்று அதெல்லாம் தேவைப்படவில்லை. நிமிர்ந்து நின்று, வாசல் பக்கம் திரும்பி, "இதோ வந்துட்டேன் அத்தை" என்று சொல்லியும் விட்டேன். அடுப்புக்கு முன்னால் நின்ற என் மருமகள் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். கிழவிக்குப் புத்தி பிசகுகிறது என்று இன்று ராத்திரி மகனிடம் சொல்வாள். சொல்லட்டும்.

கொள்ளுப்பேத்தி என் டிரங்குப் பெட்டியைக் குடைந்திருக்கிறாள். அடியில் பழைய பிஸ்கட் டின்னுக்குள் விசிலைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். அதை எடுத்து ஊதியிருக்கிறாள். அவள் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தேன். பித்தளை வாசம். திருகுமூடி போட்ட உங்கள் கூஜாவிலிருந்து தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் ஏறுமே, அதே வாசம். உதட்டில் வைத்துப் பார்த்தேன், ஊதவில்லை.

மாமியாரிடம் பொய் சொல்லாத மருமகள் உலகத்தில் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். பொங்கி வழிந்த பாலைப் பூனை தலையில் கட்டியிருக்கிறேன். தீய்ந்த தோசையை நானே தின்றுவிட்டு மாவு குறைவு என்றிருக்கிறேன். அவையெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் தவறான பதில் சொன்னேன். அதை நம்பிக்கொண்டே போய்விட்டீர்கள். இந்த மடல் அந்தப் பதிலை மாற்றிச் சொல்வதற்காக. கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி மேலப்புதூர் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது மாமா போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். கால்பந்து டீமைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். அவர் படத்துக்குக் கீழே ஆணியில் அந்த விசில் தொங்கும். யாரும் தொடக் கூடாது என்று நினைத்தேன். கல்யாணமான மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து வந்ததும், நீங்களே அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கல்லணைக்குக் கிளம்புங்க எல்லாரும்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. என் அம்மா வீட்டில் விதவைகள் வெளியே போனால் கோயிலுக்கு, இல்லாவிட்டால் கல்லறைக்கு.

அந்த வீட்டில் உங்களைத் தவிர்த்துப் பத்துப் பேர் இருந்தார்கள். உங்கள் பிள்ளைகளில் மூத்தவர், அவர் மனைவியான அக்கா, அவர்களுடைய பிள்ளைகள் ஐந்து, கல்யாணமாகாத நாத்தனார்கள் இரண்டு பேர், என் வீட்டுக்காரர். நான் வந்ததும் பதினொன்று. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து எண்ணிக்கொண்டு வந்தீர்கள். கடைசியாக என் தலை. வைத்த கையை எடுக்காமலே சொன்னீர்கள்: "இன்னைக்குத்தான்டா என் டீம் நிறைஞ்சுச்சு."

உங்களை ஏன் எண்ணவில்லை என்று சின்ன நாத்தனார் கேட்டாள். ரெஃப்ரியை யாராவது டீமில் சேர்ப்பார்களா என்று கேட்டு அவள் வாயை அடைத்தீர்கள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. பதினொன்று வந்தால் சரி. அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது.

விசிலுக்கும் சட்டம் இருந்தது. ஒரு முறை ஊதினால் திரும்பிப் பார். இரண்டு முறை ஊதினால் இருந்த இடத்திலேயே நில். மூன்று முறை ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா. மூத்தவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும், ஆபீசில் அவருக்குக் கீழே ஆறு பேர். அவரும் மூன்றுக்கு ஓடி வருவார். உள்ளே உருளும் பந்து எப்போதோ தேய்ந்து போனதால் மற்ற விசில்களைப் போல அது கிறுகிறுவென்று ஒலிக்காது. கம்பி இழுத்தது மாதிரி நேராக வரும். எந்தக் கூட்டத்திலும் அது நம்முடையது என்று தெரிந்துவிடும்.

காலில் சக்கரம் கட்டியவர் என்று தெருவில் உங்களைச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் கிணற்றடியில் என் காதில் விழும்படியே கேட்டார், புருஷன் போன பொம்பளைக்கு இத்தனை உல்லாசம் எதற்கு என்று. நான் வந்து உங்களிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொன்னீர்கள்: "அவரு இருந்தப்ப அவரு டீமோட ஊர் ஊரா போனாரு. நான் இங்க உக்காந்து பதினோரு பேரு பனியனையும் தொவைச்சேன். இப்ப என் முறை. போயிச் சொல்லு." நான் போய்ச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து உங்கள் கட்சி.

எத்தனை இடம். காந்தி மார்க்கெட்டில் சனிக்கிழமை இலைக்கட்டும் எலுமிச்சையும் வாங்கினால் ஞாயிறு எங்கோ கிளம்புகிறோம் என்று அர்த்தம். விடியற்காலையில் எழுந்து நானும் அக்காவும் புளிசாதம் கிளறுவோம், நீங்கள் கருவாட்டை வறுத்துத் தனியாக இறுக்கிக் கட்டுவீர்கள். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறை. நமக்கு என்ன அங்கே என்று மூத்தவர் கேட்டதற்கு, காவேரி யாரிடமும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்பதில்லை என்றீர்கள். வேளாங்கண்ணிக்கு நாகப்பட்டினம் வரை ரயிலில் போனோம். மூன்றாம் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு, விடிய விடிய விழித்திருந்து ஸ்டேஷன் பெயர்களை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். எனக்கும் படிக்கத் தெரியும். உங்களுக்கு அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஸ்ரீரங்கம் சித்திரைத் தேரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மாமாவோடு வேலை பார்த்த சமஸ்கிருத வாத்தியாரின் வீடு உத்தர வீதியில் இருந்தது. அந்த வீட்டு மாமி வாசலிலேயே நின்று வரவேற்பார்: "வாங்கோ, வாங்கோ, சைன்யம் வந்துடுத்தா?" பானகம் கொடுத்து, ரங்கநாதன் எல்லோரையும் க்ஷேமமாக வைப்பான் என்று நம் பிள்ளைகளின் தலையைத் தடவுவார். நீங்கள் உங்கள் பங்குக்கு அவர் பேரனின் நெற்றியில் சிலுவை போடுவீர்கள். இரண்டு பேருக்குமே அதில் ஒரு சங்கடமும் இல்லை. அன்று தேர்க் கூட்டத்தில் அக்காவின் இரண்டாவது மகள் கை நழுவிப் போனாள். நீங்கள் மூன்று முறை ஊதினீர்கள். அவள் ஓடி வந்தாள், கூடவே ஒரு போலீஸ்காரரும் ஓடி வந்தார். விசில் ஊதியது யார் என்று அவர் அதட்டியபோது, கூப்பிடாமலே வந்துவிட்டாரே என்று அவரை உட்கார வைத்து வடை கொடுத்தீர்கள். அவரும் தின்றார். போகும்போது உங்களுக்கு சல்யூட் அடித்துவிட்டுத்தான் போனார்.

இவ்வளவும் எழுதுவது, இனி எழுத வேண்டியதைத் தள்ளிப் போடுவதற்காகத்தான். என் குணம் எனக்குத் தெரியாதா.

அந்த ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் தம்பிக்கு பம்பாயில் வேலை கிடைத்து, அன்று சாயங்காலம் திருச்சி ஜங்ஷனில் மெட்ராஸ் வண்டி ஏறுகிறான் என்று லால்குடி பக்கத்திலிருந்த அம்மா வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. நான் முக்கொம்புக்கு வரவில்லை, வீட்டில் இருந்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். நீங்கள் ஒப்பவில்லை. "பத்துப் பேரோட நான் எங்கயும் போக மாட்டேன். நாலரை பஸ்ஸப் புடிச்சா அஞ்சே காலுக்கு சத்திரம். அங்கேருந்து ஜட்காவுல போயிடலாம். எதுக்காகவும் நாலரை பஸ்ஸ விட்டுடக் கூடாது, சரியா?" என்றீர்கள்.

எதற்காகவும் என்றீர்கள், அத்தை. அந்த ஒரு சொல்லை எத்தனை வருஷம் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா.

அன்று உங்களுக்கு வழக்கத்தைவிட உற்சாகம். மதகுப் பாலத்தின் மேல் நின்று, இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம் என்று பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டினீர்கள். ஆனால் பாலத்தை விட்டு இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். படி எங்கே என்று காலால் தடவினீர்கள். வெயிலில் கண் கூசுகிறது, இன்றைக்கு எண்ணுவது உன் வேலை என்று என்னிடம் சொன்னீர்கள். புரை விழுந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் நீங்கள் மறைத்து வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தால் உங்களை எங்கும் அழைத்துப் போக மாட்டார்கள் என்று பயந்திருக்கிறீர்கள்.

எனக்கு அன்று முக்கொம்பு கண்ணில் படவே இல்லை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். என் வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தேனோ. நான்கு மணிக்கே பிள்ளைகளை விரட்டிக் கிளப்பினேன். நீங்கள் துறையில் குனிந்து கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எங்கே போனாலும் அந்த ஊர்த் தண்ணீரை ஒரு கூஜா வீட்டுக்குக் கொண்டுவருவது உங்கள் வழக்கம். பின்னாலேயே வருவீர்கள் என்று நடந்தேன். ரோட்டுக்கு வரவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஆண்கள் எங்கோ, பெண்கள் எங்கோ, பிள்ளைகள் யார் யார் மடியிலோ. பின்படிக்குப் பக்கத்தில் நின்று நான் ஒவ்வொருவராக எண்ணி ஏற்றினேன். பத்து. நான் ஏறினேன். பதினொன்று. "பதினொண்ணு சரியா இருக்கு" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தேன். கண்டக்டர் ரைட் கொடுத்தார்.

எண்ணிக்கை தப்பவில்லை. அதுதான் கொடுமை. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே எண்ணினேன், நீங்கள் சொல்லிக் கொடுத்த எண்ணிக்கையே வந்தது.

சத்திரத்தில் இறங்கியபோது கடைக்குட்டிதான் கேட்டான், அப்பாயி எங்கே என்று. முன்பக்கம் இருப்பீர்கள் என்று பின்பக்கத்தவர்களும், பின்பக்கம் இருப்பீர்கள் என்று முன்பக்கத்தவர்களும் நினைத்திருக்கிறார்கள். மூத்தவரின் முகம் வெளுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறினார். ஏறும்போதே என்னைப் பார்த்து, நீ ஸ்டேஷனுக்குப் போ, நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பெரிய நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஜட்காவில் போனேன்.

தம்பி பிளாட்பாரத்தில் நின்றான். அம்மா கொடுத்துவிட்ட அதிரசப் பொட்டலத்தை என் கையில் வைத்தான். நான் அழுதேன். தனக்காக அழுகிறேன் என்று நினைத்து அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இரண்டு வருஷத்தில் மீசையும் தோல்பெட்டியுமாகத் திரும்பி வந்தான். அதன் பிறகு வருஷம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தான். அவ்வளவு பெரிய பிரிவு ஒன்றும் இல்லை அது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தீர்கள். அண்டாவில் வெந்நீர் ஊற்றி அக்கா உங்கள் காலை அதில் வைத்திருந்தார். ஒரு செருப்பு அறுந்து போயிருந்தது. புடவையில் வாழைக் கறை. ரோட்டோரமாக ஜீயபுரம் வரை நடந்து, காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த லாரியை நிறுத்தி, தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். வழியில் எங்கோ என் வீட்டுக்காரர் போன பஸ் உங்களைக் கடந்து போயிருக்கிறது. கூஜா மட்டும் பக்கத்தில் இருந்தது, ஒரு சொட்டுக் குறையாமல்.

நான் நிலைப்படியில் நின்றேன். நீங்கள் என் காலடிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினீர்கள்.

"தம்பியப் பாத்தியாம்மா?"

அதுதான் நீங்கள் கேட்ட முதல் கேள்வி. பார்த்தேன் என்றேன். நல்லவேளை என்றீர்கள். மூத்தவர் கத்தத் தொடங்கியிருந்தார், யார் எண்ணியது, யார் எண்ணியது என்று. நீங்கள் காலை வெந்நீரிலிருந்து எடுக்காமலே அவரை அடக்கினீர்கள். "நான்தான்டா மரத்தடியில கண் அசந்துட்டேன். அவ சரியாத்தான் எண்ணுனா. என்னைய யாருடா எண்ணச் சொன்னது?" அதோடு அந்தப் பேச்சு வீட்டில் முடிந்தது. வீட்டில்தான் முடிந்தது.

அதன் பிறகும் இரண்டு முறை வெளியே போனோம். ஒரு முறை கல்லணை, ஒரு முறை ஸ்ரீரங்கத்து மாமி வீடு. இரண்டு முறையும் எல்லோருக்கும் முன்னால் நீங்கள் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். வளையல் அழுந்தித் தடம் விழும் அளவுக்குப் பிடி. பிள்ளைகளோடு பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, அந்தக் கையை மட்டும் விடவில்லை. விசில் கழுத்தில் தொங்கியது. ஊதவே இல்லை. போலீஸ்காரரை உட்கார வைத்து வடை கொடுத்தவருக்கு பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தைக் கொடுத்தவள் நான்.

பிறகு நீங்கள் எங்கும் வரவில்லை. கண் முழுக்க மங்கியது, மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு மத்தியானம், கோயிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்த நேரம், உங்களுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கேட்டீர்கள். எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தீர்களோ, குரலே மாறியிருந்தது.

"அன்னைக்கு மூணு சத்தமும் ஊதினேன்ம்மா. உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல அத்தை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, எனக்கு அது இரண்டு சொல்லில் முடிந்தது. சீப்புக்கூட நிற்கவில்லை, வாரிக்கொண்டே சொன்னேன்.

உங்கள் தோள் தளர்ந்ததை என் கை உணர்ந்தது. பெரிய மூச்சு ஒன்று விட்டீர்கள். "அதான் நானும் நெனச்சேன். கேட்டிருந்தா நீ நிறுத்தியிருப்ப." கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, தலைக்கு மேலாகப் பின்னால் நீட்டினீர்கள். "இத நீ வச்சுக்க. உள்ள பந்து போயிருச்சுல்ல, தூரத்துக்குக் கேக்க மாட்டேங்குது."

குற்றத்தை விசில் மேல் போட்டுவிட்டீர்கள். மகன்களிடம் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள், உங்கள் மனதுக்குள் விசில் மேல் போட்டீர்கள். என் பக்கம் வரவே விடவில்லை.

இப்போது சொல்கிறேன். கேட்டது அத்தை.

பஸ் நகர்ந்ததும் முதல் சத்தம் வந்தது. ஒன்று. திரும்பிப் பார். நான் பின்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், மற்றவர்கள் உள்ளே நெருக்கியடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி திரும்பிப் பார்த்தேன். ரோடு வளைகிற இடத்தில் மரத்தடியில் நின்றீர்கள். இடுப்பில் கூஜா வெயிலில் மின்னியது. யாரோ ஒரு அம்மா என்று பிறகு எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கூஜாவை இடுப்பில் வைத்து நிற்கும் அம்மா ஒருவர்தான்.

இரண்டாவது வந்தது. இரட்டைச் சத்தம். நில். தலைக்கு மேலே மணிக்கயிறு ஓடியது. கையைத் தூக்கினேன். கயிறு விரலில் பட்டது. எண்ணெய்ப் பிசுக்கு, முரட்டுக் கயிறு. இழுத்தால் பஸ் நிற்கும். நின்றால் நீங்கள் கண் கூசத் தடவித் தடவி வந்து சேர வேண்டும். கண்டக்டர் காத்திருக்க மாட்டார், எல்லோரும் இறங்க வேண்டிவரும், அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து. தம்பி பிளாட்பாரத்தில் நிற்கிறான். அத்தைக்கு என்ன, அடுத்த பஸ்ஸில் தானாக வந்துவிடுவார், பயப்படுகிற ஆளா என்று நினைத்தேன். நீங்கள் பயப்பட மாட்டீர்கள் என்று நாங்கள் எல்லோருமாக எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தோம். உங்களைக் கேட்கவில்லை.

மூன்றாவது வந்தபோது பஸ் அடுத்த வளைவைத் தாண்டிவிட்டது. மெலிந்து வந்தது, ஆனால் மூன்றையும் எண்ணினேன். ஓடி வா. அது கண்டக்டர் விசில் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கண்டக்டரின் விசில் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அப்படிச் சொல்லிக்கொண்டேன். கையைக் கயிற்றிலிருந்து இறக்கினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லாமல் இல்லை. மூன்று சுவாமியார்களிடம் சொல்லிவிட்டேன். மூவரும் மன்னித்து, செபம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவர்களையா நான் ரோட்டில் விட்டுவிட்டு வந்தேன்?

எந்த பஸ் கிளம்பினாலும் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். மகன் கார் வாங்கிய பிறகும் அப்படித்தான். யாரும் நிற்பதில்லை. யாரும் நிற்கவில்லை என்று நம்புவதற்குச் சற்று நேரம் ஆகும், அதுவரை வண்டியை எடுக்க விட மாட்டேன். குடும்பமாக எங்கே போனாலும் தலையை எண்ணுவேன், எப்போதும் ஒன்று கூடுதலாகவே வரும். அம்மாவுக்குக் கணக்கு மறந்துவிட்டது என்று மருமகள் சொல்கிறாள். உங்களையும் சேர்த்து எண்ணுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நான் முக்கொம்புக்குப் போனதில்லை. யார் கூப்பிட்டாலும் முழங்கால், வெயில், தலைச்சுற்றல். இன்று எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். வரவில்லை என்று நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன். காலையில் விசில் கேட்டது. குழந்தை ஊதியது ஒன்றா, இரண்டா, நான் எண்ணவில்லை. எனக்கு மூன்றாகத்தான் கேட்டது. வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டேன். உங்கள் கூஜாவையும் துலக்கி வைத்திருக்கிறேன். ரோடு வளைகிற அந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லப் போகிறேன். மரம் இருக்குமோ இருக்காதோ. இறங்கிச் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் விசில் தூரத்துக்குக் கேட்கும், அத்தை. பந்து இல்லாவிட்டாலும் கேட்கும்.

கீழே வேனில் ஏறிவிட்டார்கள். மகன் எண்ணும் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது. எண்ணி முடித்தாகிவிட்டது போலிருக்கிறது. "ஒரு ஆள் குறையுது" என்று கொள்ளுப்பேத்தி மாடியைப் பார்த்துக் கத்துகிறாள்.

என்னைத்தான் சொல்கிறாள். இவர்கள் என்னையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள், அத்தை.